பெயின்ட்பால் காயம்: கையெழுத்திட்ட படிவம் உரிமையைப் பறித்துவிடுமா?

சட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காற்றழுத்தத் துப்பாக்கியால் சாயக் குண்டுகளைச் சுட்டு ஆடும் பெயின்ட்பால் விளையாட்டில் காயமடைந்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், பொதுவான நிலையைச் சொல்லிவிட்டு, அது எங்கே எவ்வாறு மாறுகிறது என்பதையும் தேவையான இடங்களில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்களோடு பெயின்ட்பால் விளையாடப் போயிருந்தேன். வாடகைக்குக் கொடுத்த முகக்கவசத்தின் கண்ணாடி சிறிது நேரத்திலேயே மூச்சுக்காற்றின் ஈரத்தால் மங்கிவிட்டது. கள நடுவரிடம் சொன்னபோது, "எல்லாக் கவசமும் அப்படித்தான் சார், துடைத்துவிட்டு விளையாடுங்கள்" என்றார். கவசத்தைச் சற்றே உயர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிரணியிலிருந்து வந்த குண்டு வலது கண்ணில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது ரத்தம் கரைந்து, பார்வை பெருமளவு திரும்பிவிட்டது. நிர்வாகத்தினர் நான் நுழையும்போது கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டி, எந்தக் காயத்துக்கும் தாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள். ஆனால், மருத்துவச் செலவைத் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும்படியும் கேட்கிறார்கள். நான் வழக்குத் தொடர முடியுமா? யார் மீது தொடர வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கையெழுத்துகள் பேசப்படுகின்றன. ஒன்று நீங்கள் ஏற்கெனவே இட்டது. மற்றொன்று இனிமேல் இடும்படி கேட்கப்படுவது. முதலாவதை நினைத்து நீங்கள் கலங்குவது தெரிகிறது. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்: அந்தத் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள்.

கண்ணில் பலமான அடிபட்டு, கண்ணின் முன்பகுதியிலுள்ள முன்னறையில் ரத்தம் தேங்கியவர்களுக்கு, ரத்தம் கரைந்து பார்வை திரும்பிய பிறகும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணப் பகுதி அந்த அடியில் சிதைந்திருந்தால், மாதங்கள் கழித்தோ பல ஆண்டுகள் கழித்தோகூடக் கண் அழுத்தம் உயர்ந்து கிளாகோமா வரக்கூடும். அது வலியில்லாமல் வருவதால், பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட பிறகே பலருக்குத் தெரிய வருகிறது. விழித்திரை விலகலும் கண்புரையும்கூடத் தாமதமாகத் தோன்றக்கூடியவை. இவ்வளவு இருக்க, இன்றைய மருத்துவமனை ரசீதை மட்டும் கணக்கிட்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், நாளை வரும் பாதிப்புக்கான உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தவராகிறீர்கள். காயம் ஏற்பட்ட பிறகு, அதை அறிந்து, பணம் பெற்றுக்கொண்டு செய்துகொள்ளும் சமரசத்தை நீதிமன்றங்கள் எளிதில் ரத்து செய்வதில்லை. பணத் தேவை இருந்தால், "இந்தத் தேதி வரை ஆன மருத்துவச் செலவுக்காக மட்டும், பிற உரிமைகளைப் பாதிக்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் உடன்படாவிட்டால் அந்தப் பணம் சிறிது காலம் காத்திருக்கட்டும். உங்கள் கண் மருத்துவரிடம் கோணப் பரிசோதனை செய்யச் சொல்லி, எதிர்காலத்தில் என்னென்ன வரக்கூடும், எவ்வளவு காலம் கண்காணிக்க வேண்டும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இழப்பீட்டுத் தொகையைப் பேசுவதற்கு அந்தக் கருத்துதான் அடிப்படையாக இருக்கும்.

இனி முதல் கையெழுத்து. நுழைவாயிலில் வாங்கப்படும் பொறுப்புத் துறப்புப் படிவம் எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி மதிக்கப்படுவதில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, தன் கவனக்குறைவால் ஏற்பட்ட மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒரு வணிகர் ஒப்பந்தத்தின் மூலமோ அறிவிப்புப் பலகையின் மூலமோ தட்டிக்கழிக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. நுகர்வோர் அந்த வாசகத்தை அறிந்திருந்தார், ஒப்புக்கொண்டார் என்பதால் மட்டுமே ஆபத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்டார் என்று கருதிவிடக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. சிங்கப்பூரிலும் கவனக்குறைவால் ஏற்படும் உடற்காயத்துக்கான பொறுப்பை இவ்வாறு விலக்கிவைக்க முடியாது. அமெரிக்காவில் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பல மாநிலங்கள் பொழுதுபோக்கு விளையாட்டுகளில் இத்தகைய படிவங்களைச் சாதாரணக் கவனக்குறைவு அளவில் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில், ஒரு நகராட்சி நடத்திய கோடை முகாமில் நீரில் மூழ்கி இறந்த சிறுமியின் வழக்கில், மிகை அலட்சியத்துக்கான பொறுப்பை எந்தப் படிவமும் துடைத்துவிடாது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் இருப்பவர்கள், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற ஒரு வகையையே வரையறுத்திருப்பதையும், அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்க்கும் புகார் மாநில ஆணையத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சேவைக் குறைபாடு என்று மட்டும் புகார் செய்பவர் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். எந்த ஆணையத்தை அணுகுவது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, செலுத்திய கட்டணமே.

படிவத்தை எவ்வாறு வாங்கினார்கள் என்பதும் முக்கியம். கனடா உச்ச நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த கிராக்கர் வழக்கில், பனி மூடிய மலைச்சரிவில் காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மீது அமர்ந்து இறங்கும் போட்டியில் கலந்துகொண்டவர் கழுத்து முறிந்து செயலிழந்தார். அவர் நுழைவுப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார்; அது பொறுப்பைத் துறக்கும் ஆவணம் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. போட்டியின்போது அவர் குடிபோதையில் இருந்ததை நிர்வாகத்தினர் கண்ணால் கண்டும் தடுக்கவில்லை. படிவம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், நிர்வாகமே பொறுப்பு என்றும், அவர் பங்குக்கான தவறு கால் பங்கு என்றும் முடிவானது. உங்களிடம் படிவம் எப்போது தரப்பட்டது, வரிசையில் நிற்கும்போதா, பணம் கட்டிய பிறகா, அதன் நகல் கொடுத்தார்களா, அது நீங்கள் படிக்கக்கூடிய மொழியில் இருந்ததா என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தின் வழக்கறிஞர் அடுத்து எடுக்கக்கூடிய வாதம், "ஆபத்து தெரிந்துதானே விளையாட வந்தார்" என்பது. இதற்கு வலுவுண்டு, ஆனால் எல்லையும் உண்டு. விளையாட்டோடு ஒட்டிப் பிறந்த ஆபத்தை விளையாடுபவர் ஏற்றுக்கொள்கிறார். உடலில் குண்டு பட்டு ஏற்படும் கன்றிப்போன தழும்பும், ஓடும்போது இடறி விழுவதும் அத்தகையவை. நியூயார்க் நீதிமன்றத்தில் 1929ஆம் ஆண்டில் நீதிபதி கார்டோசோ, கேளிக்கைப் பூங்காவின் ஓடும் பட்டையில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவரின் கோரிக்கையை இந்தக் காரணத்தால்தான் தள்ளுபடி செய்தார். ஆனால் அதே தீர்ப்பில், ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தாலோ, முன்னெச்சரிக்கை நிச்சயம் செய்யப்பட்டிருக்கும் என்று எவரும் நம்பக்கூடிய அளவுக்குக் கடுமையாக இருந்தாலோ விஷயமே வேறு என்றும் அவர் குறிப்பிட்டார். பெயின்ட்பால் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 300 அடி, அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் வேகம் வரை பாயக்கூடியது. இவ்வளவு வேகத்தில் கண்ணுக்கும் குண்டுக்கும் இடையே நிற்பது அந்த ஒரு கவசம்தான். அதற்கென்றே அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு எஃப் 1776 என்ற தனித் தரநிலையை வகுத்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கவசம் தருபவர் பார்வைக்கும் பாதுகாப்புக்கும் உகந்த கவசத்தைத் தர வேண்டும். அதை அணிந்துகொண்டு பார்க்க முடியாவிட்டால் அது கவசமே அல்ல.

உங்கள் வழக்கின் உயிர்நாடி நடுவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்பது என் கருத்து. களத்துக்குள் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் கவசத்தைக் கழற்றக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. கவசம் மங்கியது என்று ஒருவர் சொன்னால், ஆட்டத்தை நிறுத்தியோ அவரைத் தன் மறைப்பில் அழைத்துச் சென்றோ பாதுகாப்புப் பகுதியில் வைத்து மாற்றுக் கவசம் கொடுப்பதுதான் நடுவரின் வேலை. களத்தில் நின்றபடியே துடைத்துக்கொள்ளச் சொன்னது, விதி காக்க வேண்டியவரே விதியை மீறச் சொன்னதற்கு ஒப்பாகும். அதைக் காதால் கேட்ட நண்பர்கள் இருந்தால் அவர்களிடம் இன்றே தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

நீங்கள் கவசத்தை உயர்த்தியது தவறுதான், அதை மறைக்க முயல வேண்டாம். பிரிட்டனில் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், அதை ஒட்டிய கோட்பாட்டைப் பின்பற்றும் பல நாடுகளிலும், காயமடைந்தவரின் தவறுக்கேற்ப இழப்பீடு குறைக்கப்படுமே தவிர மறுக்கப்படாது. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் மட்டும் பழைய விதி இன்னும் நீடிக்கிறது. அங்கே காயமடைந்தவரின் பங்கு சிறிதளவு இருந்தாலும் கோரிக்கை முழுவதும் அடிபட்டுப் போகக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் நடுவரின் வாக்கியத்துக்கு மதிப்பு இன்னும் கூடும்.

யார் மீது என்ற கேள்விக்கு முதல் விடை மைதானத்தை நடத்தும் நிறுவனம். நடுவர் அதன் ஊழியர் என்பதால் அவர் தவறுக்கும் அது பொறுப்பாகும். கவசத்திலேயே உற்பத்திக் குறை இருந்தால் தயாரித்தவரையும் விற்றவரையும் சேர்க்கலாம். ஆனால் வாடகைக்கு விடுபவர் லென்ஸை மாற்றியிருந்தால் தயாரிப்பாளர் அதையே தன் எதிர்வாதமாக வைப்பார். ஆகவே அந்தக் கவசம் கிடைப்பது மிகவும் அவசியம். அடுத்த வாரமே அது கழுவப்பட்டு வேறொருவர் தலையில் ஏறிவிடும். கவசம், அன்றைய துப்பாக்கி வேகச் சோதனைப் பதிவு, விபத்துப் பதிவேடு, கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படி எழுத்து மூலம், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில், உடனே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கேமராப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களிலேயே தாமாக அழிந்துவிடும். நோட்டீஸ் கிடைத்த பிறகும் அவற்றை இழந்தால், நீதிமன்றம் அதை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளக்கூடும். மருத்துவமனையின் முதல் நாள் குறிப்பில் காயம் எப்படி ஏற்பட்டது என்று என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். "விளையாடும்போது பந்து பட்டது" என்று மட்டும் இருந்தால், திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

காலவரையறை கடுமையானது. இந்திய நுகர்வோர் ஆணையங்களில் 2 ஆண்டுகள். இங்கிலாந்தில் 3 ஆண்டுகள். கலிபோர்னியாவில் 2 ஆண்டுகள். டென்னசியில் 1 ஆண்டுதான். நியூசிலாந்தில் இத்தகைய விபத்துக்காக இழப்பீட்டு வழக்கே தொடர முடியாது. அதற்குப் பதில், யார் தவறு என்று பாராமல் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கும் இழந்த வருமானத்தின் பெரும்பகுதிக்கும் உதவுகிறது. நீங்கள் எங்கே இருந்தாலும், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் மட்டுமே அந்தக் கெடு தானாக நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என் 13 வயது மகன், நண்பனின் பிறந்தநாள் விழாவுக்காகப் பெயின்ட்பால் மைதானத்துக்குப் போனான். ஆட்டம் முடிந்து எல்லோரும் கவசத்தைக் கழற்றி இளைப்பாறும் இடத்தில் இன்னொரு சிறுவனின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, என் மகனின் முன்பற்கள் இரண்டு உடைந்தன. படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. நண்பனின் தாயார்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். அது செல்லுமா?

பதில்: செல்லாது என்றே நம்பலாம். உங்கள் மகனுக்கு அந்தத் தாயார் சட்டப்படியான காப்பாளர் அல்லர். அவனுடைய உரிமைகளை விட்டுக்கொடுக்க நீங்கள் அவருக்கு அதிகாரம் அளித்ததாகத் தெரியவில்லை. நீங்களே கையெழுத்திட்டிருந்தாலும்கூடப் பல இடங்களில் முடிவு வேறாகிவிடாது. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில், ஸ்கேட்டிங் மைதானத்தில் காயமடைந்த சிறுவனின் வழக்கில், பிள்ளையின் எதிர்கால உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே துறந்துவிட முடியாது என்று கூறியது. இந்தியாவில் மைனரின் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்பது 1903ஆம் ஆண்டில், அக்கால இந்தியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்த மோகரி பீபி வழக்கிலிருந்து நிலைபெற்ற விதி.

நிகழ்ந்த இடம்தான் உங்கள் வழக்குக்குப் பெரும் பலம். கவசம் கழற்றப்படும் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு துப்பாக்கியின் குழல் முனையிலும், குண்டு வெளியேறாதபடி தடுக்கும் உறை மாட்டப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்புப் பூட்டும் போடப்பட்டிருக்க வேண்டும். இவற்றைச் சிறுவர்கள் நினைவில் வைத்துச் செய்வார்கள் என்று விட்டுவிட முடியாது. வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது நிர்வாகத்தின் கடமை. ஆட்டம் முடிந்து, விளையாட்டுக்கு வெளியே, கவசம் கழற்றலாம் என்று சொல்லப்பட்ட இடத்தில் பட்ட குண்டை "விளையாட்டின் இயல்பான ஆபத்து" என்று எந்த நிர்வாகமும் எளிதில் வாதாடிவிட முடியாது. துப்பாக்கியை வைத்திருந்த சிறுவனின் குடும்பத்தோடு பகைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. அவனும் அதே மேற்பார்வைக் குறைவுக்கு ஆளான பிள்ளைதான்.

இழப்பீட்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாடை வளர்ச்சி முடியும் வரை பல் மருத்துவர்கள் பொதுவாக நிரந்தர இம்ப்ளான்ட் பொருத்துவதில்லை. எனவே பற்களைக் காப்பாற்ற முடியாத நிலை வந்தால், அதுவரை தற்காலிகப் பற்களும், அவற்றை மாற்றும் செலவும், பிறகு நிரந்தரச் சிகிச்சையும் என இந்தக் காயத்தின் செலவு பல ஆண்டுகளுக்கு நீளும். மருத்துவரிடம் வருடவாரியாக ஒரு சிகிச்சைத் திட்டம் வாங்குங்கள். மைனர் சார்பில் செய்யப்படும் சமரசத்துக்குப் பல நாடுகளில் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதைத் தொல்லையாக எண்ணாதீர்கள், அது உங்கள் மகனுக்கான பாதுகாப்பு. இங்கிலாந்தில் 3 ஆண்டுக் கெடு 18 வயதிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது, ஆகவே 21 வயது வரை வழி திறந்திருக்கும். எனினும் சாட்சிகளும் பதிவுகளும் அவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

கேள்வி: நான் சுட்ட குண்டால்தான் என் நெருங்கிய நண்பனின் காது பாதிக்கப்பட்டுச் செவித்திறன் குறைந்திருக்கிறது. விதிப்படிதான் விளையாடினேன். என் மீது போலீஸ் வழக்கு வருமா? அவனைப் போய்ப் பார்த்தால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: விதிப்படி விளையாடியவரைக் குற்றவாளியாக்கச் சட்டம் விரும்புவதில்லை. 2024ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது: இருவர் கேளிக்கைக்காக வாட்போர் பழக ஒப்புக்கொள்கிறார்கள், அந்த ஒப்புதலிலேயே, முறைதவறாத ஆட்டத்தில் நேரும் தீங்கைப் பொறுத்துக்கொள்ளும் சம்மதமும் அடங்கியிருக்கிறது, நேர்மையாக ஆடும்போது ஒருவர் மற்றவரைக் காயப்படுத்தினால் அது குற்றமாகாது. இந்த ஏற்பாடு, அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவிலும் தொடர்கிறது. சம்மதம் தெரிவித்தவர் 18 வயது கடந்தவராக இருக்க வேண்டும் என்பதும், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும், அதற்கு வாய்ப்புண்டு என்ற அறிவும் செய்தவருக்கு இருந்திருக்கக் கூடாது என்பதும் அதில் உள்ள முக்கியமான வரம்புகள்.

நஷ்டஈட்டு வழக்கிலும் ஏறக்குறைய இதே பார்வைதான். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டில், நண்பர்களுக்கிடையே நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் விரலை இழந்தவரின் வழக்கில், வேண்டுமென்றோ விளையாட்டின் எல்லையையே மீறிய மூர்க்கத்தோடோ செய்தாலொழிய சக ஆட்டக்காரர் பொறுப்பாக மாட்டார் என்றது. மறுபுறம், இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் காண்டன் வழக்கில், உள்ளூர்ப் போட்டி ஒன்றில் தாமதமாகவும் அபாயகரமாகவும் பாய்ந்து எதிராளியின் காலை முறித்தவர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே: அவர் ஆட்டமிழந்து கையை உயர்த்திய பிறகு சுட்டீர்களா? குறைந்தபட்ச இடைவெளி என்று நடுவர் சொன்ன தூரத்துக்குள் நின்று சுட்டீர்களா? துப்பாக்கியின் வேகத்தைச் சோதனைக்குப் பிறகு கூட்டினீர்களா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால் அச்சம் வேண்டாம்.

நண்பரைப் போய்ப் பாருங்கள். வருத்தம் தெரிவிப்பது மட்டும் தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதே ஆண்டில் இயற்றிய மன்னிப்புச் சட்டமும் வெளிப்படையாகவே சொல்கின்றன. அத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும், "உனக்கு இப்படி ஆனது எனக்குப் பெரும் வேதனை" என்பதற்கும், "நான் விதியை மீறிச் சுட்டேன்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றம் அறியும். உங்களுக்குத் தனிநபர் பொறுப்புக் காப்பீடோ, அதை உள்ளடக்கிய வீட்டுக் காப்பீடோ இருந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அது இருக்குமானால், நண்பருக்குச் சேர வேண்டியது உங்கள் கையிலிருந்து போகாமலே சேரவும் வழி உண்டு. நடந்ததை நேர்மையாக எழுதிவைத்து, அவர் மைதான நிர்வாகத்தின் மீது கோரிக்கை வைத்தால் சாட்சி சொல்லவும் முன்வாருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகம் ஏற்பாடு செய்த குழுப் பயிற்சி நாளில் பெயின்ட்பால் ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அது வேலைக் காயமாகுமா?

பதில்: கலந்துகொள்வது எந்த அளவுக்கு உங்கள் விருப்பமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாத் தொழிலாளர் சட்டத்தின் 3600ஆம் பிரிவு, பணி நேரத்துக்கு வெளியே விருப்பத்தின் பேரில் ஆடிய விளையாட்டுக் காயத்தை விலக்குகிறது. ஆனால் கலந்துகொள்வது வேலையின் நிபந்தனையாகவோ, நியாயமாக எதிர்பார்க்கப்பட்டதாகவோ இருந்தால் அதை உள்ளே கொண்டுவருகிறது. பிற இடங்களிலும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: அந்த நாள் பணிநாளாகக் கணக்கிடப்பட்டதா, சம்பளம் உண்டா, வராதவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்ததா, மேலாளர் "எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்" என்று எழுதினாரா? அந்த மின்னஞ்சல் அலுவலகக் கணக்கில் மட்டும் இருந்தால், நிறுவன விதிகள் இடம் தரும் வழியில் அதன் நகலை இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டிய கெடு பல சட்டங்களில் மிகக் குறுகியது என்பதால், வழக்கறிஞரைப் பார்க்கும் வரை காத்திராமல், காயம் ஏற்பட்ட தேதி, இடம், விதம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்கு இன்றே ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையொப்பமோ வாங்கிக்கொள்ளுங்கள்.